டார்ச்சும் ஹெட்லேம்ப்பும் வாங்கும் வரிசை: லூமன் கணக்கு எட்டாவது படியில்

டார்ச் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை லூமன் வாங்கலாம்?" என்பதுதான். லூமன் என்பது டார்ச் தரும் மொத்த ஒளியின் அளவு. இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்விக்கான பதில் எட்டாவது படியில் வருகிறது. அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏழு இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் லூமன் எண் தானாகவே ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்து நின்றுவிடும். நான் பார்த்தவரை, லூமனில் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே இரண்டாவது டார்ச் தேடி வருகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு தாளும் பேனாவும், வீட்டில் இப்போது இருக்கும் ஏதாவது ஒரு டார்ச், ஒரு வெள்ளைச் சுவர், ஒரு சாதாரண மல்டிமீட்டர். இதோடு இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பகலில் கடையில் நின்று எடுத்த முடிவு இரவில் நிற்காது.

1. வேலையையும் தூரத்தையும் எழுதுங்கள்

இரவில் வழக்கமாக டார்ச் எடுக்கும் இடங்களுக்கு நடந்து போய், பார்க்க வேண்டிய பொருள் எத்தனை தப்படி தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். "வீட்டு உபயோகம்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. "மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் பார்க்க, ஒரு கை நீளம்", "வாசலிலிருந்து கேட் வரை 15 மீட்டர்", "வரப்பில் நடக்க, காலடியிலிருந்து 5 மீட்டர்", "மோட்டார் கொட்டகையிலிருந்து மடை வரை 80 மீட்டர்" என்று எழுதுங்கள்.

எழுதிப் பார்த்தால் பெரும்பாலான வரிகள் 10 மீட்டருக்குள் அடங்கிவிடும். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. என் மாமா ஒருவர் இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். கடையில் ஒரு டார்ச்சைத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு அடித்துக் காட்டினார்கள், வாங்கி வந்துவிட்டார். வரப்பில் அதே டார்ச் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போட்டது. அந்த வட்டத்துக்கு வெளியே கால் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை. கட்டுவிரியன் நடமாடுவது இரவில். அவருக்குத் தேவைப்பட்டது காலைச் சுற்றி அகலமாக விழும் வெளிச்சம்.

எழுதிய வரிகளில் அடிக்கடி செய்யும் ஒன்றைச் சுழித்துவிடுங்கள். முதல் டார்ச் அதற்கு மட்டும்தான். எல்லா வரிக்கும் பொருந்தும் ஒரே டார்ச்சைத் தேடினால் எதற்கும் சரியாகப் பொருந்தாத ஒன்று கையில் வந்து நிற்கும்.

2. கையிலா, தலையிலா

இரண்டு கையும் வேலையில் இருக்குமா? அப்படியென்றால் ஹெட்லேம்ப். வண்டி பஞ்சர், குழாய் ரிப்பேர், பால் கறப்பது, கூடாரம் கட்டுவது எல்லாம் இந்தப் பக்கம்.

நடப்பதற்கு மட்டும் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஹெட்லேம்ப்பின் ஒளி கண்ணுக்கு மிக அருகிலிருந்து கிளம்புகிறது. பொருளின் நிழல் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுவதால் குழியும் மேடும் ஒரே தட்டையாகத் தெரியும். இடுப்பு உயரத்தில் பிடித்த டார்ச் நிழலை நீட்டிக் காட்டும். கல், வேர், பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். பனியிலும் தூறலிலும் வித்தியாசம் இன்னும் அதிகம். நெற்றியில் கட்டிய விளக்கு துளிகளில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பி, முன்னால் வெள்ளைத் திரை போட்டுவிடும்.

அப்புறம் பூச்சி. வயல்வெளியில் நெற்றியில் விளக்கைக் கட்டினால் பத்து நிமிடத்தில் பூச்சியெல்லாம் முகத்துக்கு வந்துவிடும். வாங்கும் முன் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் கண்ணருகே ஒளி இருப்பதால் ஒரு நன்மையும் உண்டு: மாடு, பூனை, நரி, ஏன் தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியின் கண்கூட, அந்த ஒளியை வந்த வழியே திருப்பி மின்னும். விலங்கு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஹெட்லேம்ப்தான் நல்லது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், எல் வடிவத்தில் தலை வளைந்து, பட்டையிலிருந்து கழற்றிக் கையிலும் பிடிக்கக்கூடிய வகையை வாங்குங்கள். ஆர்வலர்களிடையே ஸீப்ராலைட், ஆர்மிடெக் விஸார்ட், ஸ்கில்ஹண்ட், சோஃபிர்ன் ஆகியவற்றின் இந்த வகை ஹெட்லேம்ப்புகளுக்குத் தனி மதிப்பு இருப்பது இதனால்தான். சட்டைப்பையில் கிளிப்பால் மாட்டினால் முன்னால் பார்க்கும், பட்டையில் போட்டால் தலைவிளக்கு.

3. ஒளி விழும் வடிவத்தைத் தீர்மானியுங்கள்

வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று வீட்டு டார்ச்சை அடியுங்கள். நடுவில் ஒரு பளிச்சென்ற வட்டம், அதைச் சுற்றி மங்கலான பெரிய வட்டம். நடுவட்டத்தை ஹாட்ஸ்பாட் என்றும் சுற்றொளியை ஸ்பில் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒளி எப்படிப் பங்கு போகிறது என்பதுதான் ஒரு டார்ச்சின் குணம்.

ஆழமான, கண்ணாடிபோல் வழவழப்பான ரிஃப்ளெக்டர் நடுவட்டத்தை இறுக்கித் தூரத்துக்கு அனுப்பும். இதை த்ரோ என்கிறார்கள். ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருக்கும் ரிஃப்ளெக்டர் அந்த வட்டத்தின் விளிம்பைக் கரைத்துவிடும். தூரம் சற்றுக் குறையும், கண்ணுக்கு இதம். டிஐஆர் எனப்படும் திடமான பிளாஸ்டிக் லென்ஸ் நடுவிலிருந்து ஓரம் வரை படிப்படியாக மங்கும் ஒளியைத் தரும். அதன் முகப்பு சொரசொரப்பாக இருந்தால் அகலமான, சீரான ஒளி கிடைக்கும், இது ஃப்ளட். லென்ஸும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் வெறும் எல்இடி மட்டும் வைத்த டார்ச்சும் உண்டு. அதை ஆர்வலர்கள் மியூல் என்பார்கள். கை நீளத்து வேலைக்கு அதற்கு இணையே இல்லை.

முதல் படியில் சுழித்த தூரத்தை இப்போது எடுங்கள். 3 மீட்டருக்குள் என்றால் ஃப்ளட். 30 மீட்டர் வரை என்றால் ஆரஞ்சுத்தோல் ரிஃப்ளெக்டர் அல்லது நடுத்தர டிஐஆர். 80 மீட்டரைத் தாண்டினால்தான் த்ரோ. அருகில் இருப்பதைப் பார்க்க த்ரோ டார்ச் அடித்தால், பளிச்சென்ற நடுவட்டத்துக்கு ஏற்பக் கண்மணி சுருங்கிவிடும். சுற்றிலும் இருப்பது முன்பைவிட இருட்டாகத் தெரியும்.

வழக்கமான தவறு, முன்னும் பின்னும் இழுத்து ஜூம் செய்யும் டார்ச்சை வாங்குவது. ஒன்றில் இரண்டு வாங்கிய மாதிரி தோன்றும். ஆனால் ஒடுக்கும்போது ஒளியின் பெரும்பகுதி உள்ளேயே வீணாகிறது. நகரும் தலைக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பதும் கடினம். நான் யாருக்கும் சொல்வதில்லை.

4. தூரத்தைக் கேண்டெலாவில் கணக்கிடுங்கள்

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. கேண்டெலா என்பது அந்த ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது. தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலாதான்.

பெட்டியில் போட்டிருக்கும் "பீம் தூரம்", ஆன்சி எஃப்எல்1 என்ற தரக்கணக்கின்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது. அதைக் கணக்கிடும் வழி எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 2,500 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 50, தூரம் 100 மீட்டர். 10,000 என்றால் 200 மீட்டர். 40,000 என்றால் 400. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும் என்பதை இதிலேயே பார்க்கலாம்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய நிலா வெளிச்சம். அந்த ஒளியில் அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும். நாயா கன்றுக்குட்டியா என்று தெரியாது. பாதி தூரத்தில் ஒளி நான்கு மடங்கு, அதாவது 1 லக்ஸ். அடையாளம் காணும் தூரம் என்று பெட்டியில் உள்ளதில் பாதியை, அதற்கும் குறைவாகவே, எடுத்துக்கொள்ளுங்கள். மடை 80 மீட்டரில் இருக்கிறது என்றால் 200 மீட்டர் பீம், 10,000 கேண்டெலா தேடலாம். கேட் 15 மீட்டரில் என்றால் 1,000 கேண்டெலா இருந்தாலே தாராளம்.

5. பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்

டார்ச்சைப் பார்ப்பதற்கு முன்னால் பேட்டரியை முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டார்ச்சின் தடிமன், எடை, எரியும் நேரம், பத்து ஆண்டு கழித்து மாற்றுச் செல் கிடைக்குமா என்பது வரை எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

18650 என்ற லித்தியம் செல்லின் பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. 21700 என்றால் 21-க்கு 70. முதலாவது சட்டைப்பைக்கும் நெற்றிக்கும் பொருந்தும். எடை 45 முதல் 50 கிராம். இரண்டாவது 70 கிராம் அளவில் இருக்கும், கையில் பிடிக்க நல்லது, நெற்றியில் கனக்கும். இரண்டும் 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2.

18650-இல் நல்ல செல்லின் கொள்ளளவு 3,000 முதல் 3,500 எம்ஏஹெச். 21700-இல் 5,000 சாதாரணம். 18650 செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவு உருளைக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்காது. தராசில் வைத்தால் பல போலிகள் 30 கிராம்கூட இருக்காது. அவை கொள்ளளவில் மட்டும் ஏமாற்றுவதில்லை. அதிக மின்னோட்டம் இழுக்கும் டார்ச்சில் போட்டால் ஆபத்தும்கூட.

வீட்டில் எல்லோரும் எடுக்கும் டார்ச், அல்லது வருடத்தில் நான்கு நாள் மட்டும் எடுக்கும் டார்ச் என்றால் ஏஏ அளவுப் பேட்டரிக் கட்டை போதும். எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஆல்கலைன் கட்டையை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள்; கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். எனிலூப் போன்ற, வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத நிக்கல் ரீசார்ஜ் செல்லைப் போடுங்கள்.

அடுத்து, அடிக்கடி நடக்கும் நான்கு தவறுகள்.

14500 என்ற லித்தியம் செல் ஏஏ அளவிலேயே இருக்கும். ஆனால் அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட். ஏஏ-க்கு மட்டும் செய்த டார்ச்சில் அதைப் போட்டால் எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் என்ற உள்சுற்று எரிந்துபோகும். இரண்டையும் ஏற்கும் என்று எழுதியிருந்தால் மட்டுமே போடுங்கள்.

பாதுகாப்புச் சுற்று பொருத்திய 18650, மற்றதைவிட நாலைந்து மில்லிமீட்டர் நீளம். சில டார்ச்சுகளில் மூடி முழுக்க இறங்காது. மூடாத திருகுக்குள் தண்ணீர் போகும். நேர்முனை மேடாகவா தட்டையாகவா இருக்க வேண்டும் என்பதையும் முன்பே பாருங்கள்.

பல செல்களை வரிசையாகப் போடும் டார்ச்சை முதலில் வாங்காதீர்கள். பழசும் புதுசும் கலந்தால் பலவீனமான செல் அளவுக்கு மீறிக் காலியாகிச் சூடாகும். ஒரே செல் டார்ச்சில் இந்தப் பிரச்சினையே இல்லை.

உதிரி செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள். சாவியும் சில்லறையும் சேர்ந்து இரண்டு முனையையும் இணைத்துவிட்டால் தீப்பிடிக்கலாம். சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று கட்டாயம். விமானத்தில் உதிரி லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

டார்ச்சிலேயே சார்ஜிங் துளை இருப்பது வசதிதான், ஆனால் ஒரு சிக்கல் அதில் உண்டு. விலை குறைந்த பல டார்ச்சுகளில் யூஎஸ்பி-சி துளை இருந்தும், இரு முனையும் சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாது. துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு ரெசிஸ்டர்களை விட்டுவிடுவார்கள். டார்ச் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் பழைய ஏ முனைக் கேபிளில் போட்டுப் பாருங்கள்.

நிறுவனம் தனக்கென்று செய்த, கழற்ற முடியாத பேட்டரி உள்ள ஹெட்லேம்ப்பை நான் வாங்குவதில்லை. செல் தேய்ந்த அன்று விளக்கும் முடிந்துவிடும்.

6. ஒளியின் நிறத்தைப் பாருங்கள்

இரண்டு எண்கள். கெல்வின் என்பது வெள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும்: 6,500 நீலம் கலந்த வெள்ளை, 5,000 நடுவெள்ளை, 4,000 லேசான மஞ்சள், 2,700 பழைய குண்டு பல்பு. சிஆர்ஐ என்பது அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பது, உச்சம் 100.

சாதாரண டார்ச்சுகள் 6,500 கெல்வின், 70 சிஆர்ஐ. ஆர்வலர்கள் தேடுவது 4,000 முதல் 5,000 கெல்வின், 90-க்கு மேல் சிஆர்ஐ. நிச்சியா 519ஏ என்ற ஜப்பானிய எல்இடிக்கு இவ்வளவு பேர் காத்திருந்து வாங்குவது இதனால்தான். பெட்டியில் சிஆர்ஐ எழுதவில்லை என்றால் 70 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது ரசனை சமாச்சாரம் மட்டும் இல்லை. குறைந்த சிஆர்ஐ ஒளியில் முதலில் சாகும் நிறம் சிவப்பு. உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். 70 சிஆர்ஐ ஒளியில் அது சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், 90-க்கு மேல் ரத்த ஓட்டம் தெரியும். ரெசிஸ்டரின் சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சுக் கோடுகளைப் பிரித்தறிய, சுவிட்ச் போர்டில் ஒயர் நிறம் பார்க்க, குழந்தையின் உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, சருகுக்குள் கிடக்கும் பழுப்பு நிறப் பாம்பைக் கவனிக்க எல்லாம் இது வேண்டும்.

நல்ல சிஆர்ஐ எல்இடியில் லூமன் கொஞ்சம் குறையும். அதனால் பயப்படாதீர்கள். கண்ணுக்கு ஒளி இரண்டு மடங்காகத் தெரிய லூமன் கிட்டத்தட்ட நான்கு மடங்காக வேண்டும். கால்வாசி குறைவதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்று: ஒரே கெல்வினில் சில எல்இடி பச்சைச் சாயல் அடிக்கும், சில இளஞ்சிவப்புச் சாயல். பச்சைச் சாயல் குறைந்த வெளிச்சத்தில்தான் தெரியும். எனவே மங்கலான நிலையில் சுவரில் அடித்துச் சோதியுங்கள்.

பூச்சி அதிகமுள்ள இடத்துக்கு மஞ்சள் பக்கம் சாய்ந்த ஒளி நல்லது. நீலம் கலந்த ஒளிக்குத்தான் பூச்சிகள் அதிகம் வரும்.

7. சுவிட்சும் நிலைகளும்

வாங்கிய பிறகு தினமும் எரிச்சல் தருவது இதுதான், வாங்கும்போது யாரும் பார்க்காததும் இதுதான். நான்கு விஷயம் கேளுங்கள்.

அணைந்திருக்கும் டார்ச், நேராக மிகக் குறைந்த ஒளிக்கு வருமா? நள்ளிரவில் குழந்தை தூங்கும் அறையில் 1,000 லூமனைக் கடந்துதான் 5 லூமனுக்குப் போக முடியும் என்றால் அந்த 5 லூமன் இருந்தும் பயனில்லை. ஒரு லூமனுக்கும் குறைவான நிலாநிலை இருப்பதை ஆர்வலர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்; இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அரை லூமனே படிக்கப் போதும்.

கண்சிமிட்டும் ஸ்ட்ரோப், சாதாரண நிலைகளின் சுற்றில் குறுக்கே வருகிறதா? வந்தால் வேண்டாம்.

சட்டைப்பையில் தானாக எரியாமல் பூட்ட முடியுமா? சக்திவாய்ந்த சின்ன டார்ச் பையில் எரிந்தால் துணி பொசுங்கும், தோலும் சுடும்.

ஒளி துடிக்கிறதா? சில டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கும். குறைந்த நிலையில் வைத்து, விழும் தண்ணீர்த் தாரையில் அடியுங்கள். தாரை துளித்துளியாக நின்று தெரிந்தால் துடிப்பு மெதுவானது. கைபேசிக் கேமராவில் பட்டைகள் ஓடுவதும் அதேதான்.

வால் பக்கச் சுவிட்ச், அழுத்தினால் இணைப்பையே துண்டிக்கும் எளிய வகை, நம்பகமானது. முன்கிளிக் வகையில் பாதி அழுத்தினாலே எரியும், விட்டால் அணையும். பக்கவாட்டு மின்னணுச் சுவிட்ச், ஒரே பொத்தானில் எல்லாம் செய்யும்; ஹெட்லேம்ப்புக்கு இதுதான் பொருத்தம், தலையில் இருக்கும்போது விரல் தேடாமல் கிடைக்கும்.

8. இப்போது லூமன்

தூரமும் வடிவமும் பேட்டரியும் முடிவான பிறகு கேட்க வேண்டியது, எந்த லூமனை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது.

ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். 3,000 எம்ஏஹெச் 18650 செல்லில் 3.6-ஐப் பெருக்கினால் 10.8 வாட்-மணி. இன்றைய நல்ல எல்இடி டார்ச்சில் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் என்று வையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 1,000 லூமன்-மணி. 100 லூமனில் 10 மணி நேரம், 300 லூமனில் மூன்றேகால் மணி நேரம். 21700-இல் 1,800 லூமன்-மணி. ஒற்றைச் செல்லில் "10,000 லூமன், 20 மணி நேரம்" என்று யாராவது விற்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆன்சி எஃப்எல்1 கணக்கில் எரியும் நேரம் என்பது, எரிய விட்ட 30-ஆவது விநாடியில் இருந்த ஒளியில் 10 சதவீதமாகக் குறையும் வரை எண்ணுவது. ஆயிரம் லூமனில் தொடங்கி மூன்று நிமிடத்தில் 300-க்கு இறங்கி, அதிலேயே மூன்று மணி நேரம் ஓடினாலும் பெட்டியில் "1,000 லூமன், 3 மணி நேரம்" என்றுதான் இருக்கும். அது பொய் இல்லை, ஆனால் நீங்கள் நினைத்தது அது இல்லை.

இறங்குவதற்குக் காரணம் சூடு. விரல் நீள உலோகம் 1,000 லூமனின் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. டிரைவர் தானாக ஒளியைக் குறைத்துக் காப்பாற்றிக்கொள்ளும். கையில் பிடித்திருந்தால் ரத்த ஓட்டம் சூட்டை வாங்கிக்கொள்ளும். நெற்றியில் ரப்பர் பிடிக்குள் இருக்கும் ஹெட்லேம்ப்புக்கு அந்த உதவி இல்லை. எனவே உச்ச லூமனை விட்டுவிட்டு, அரை மணி நேரம் நிலைத்து நிற்கும் லூமனைத் தேடுங்கள். நேரத்துக்கு எதிரே ஒளி எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தை நல்ல நிறுவனங்கள் கையேட்டிலேயே போடுகின்றன.

எனக்கு ஒத்துவந்த அளவுகள்: கை நீள வேலைக்கு 30 முதல் 60, நடக்க 80 முதல் 150, கரடுமுரடான பாதைக்கு 300. மின்வெட்டில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெள்ளை மேற்கூரையில் அடித்தால் 150 லூமனில் ஒரு அறை நிறையும். உச்ச நிலை சில விநாடி தேவைக்கு மட்டும்.

9. உடலமைப்பு

இது சீக்கிரம் முடியும். நிமிர்ந்து நிற்கும் தட்டையான வால், மேசையில் உருளாத விளிம்பு, இருபுறமும் மாட்டக்கூடிய கிளிப். வாலில் காந்தம் இருந்தால் பைக் எஞ்சினிலும் பீரோவிலும் ஒட்டிவைத்து வேலை செய்யலாம். பட்டறையில் இரும்புத் தூள் ஒட்டும் என்பது மட்டும் குறை. தண்ணீர்க் காப்பு ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் நீர் தாங்கும், ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். மழையில் நடக்கிறவர்கள் 7-க்குக் கீழே போகாதீர்கள்.

முதல் டார்ச்சுக்கு வுர்க்கோஸ் எஃப்சி11, கான்வாய் எஸ்2 பிளஸ் இரண்டையும் பார்க்கச் சொல்வேன். இரண்டும் 18650. முன்னதில் சார்ஜிங்கும் காந்தமும் உண்டு. பின்னதில் சார்ஜிங் துளை இல்லை, ஆனால் எல்இடியும் நிறமும் நாமே தேர்ந்தெடுக்கலாம். கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளவும் நல்லது.

10. ஹெட்லேம்ப்புக்கு மட்டும்

எடையைச் செல்லோடு சேர்த்துப் பாருங்கள். 100 கிராமைத் தாண்டினால் உச்சந்தலைப் பட்டை இல்லாமல் ஓட முடியாது. ஒவ்வொரு அடிக்கும் குதிக்கும். பேட்டரிப் பெட்டி பின்னந்தலையில் இருந்தால் எடை சமமாகும், ஆனால் சாய்ந்து படுக்க முடியாது.

தலை கீழே சாய வேண்டும். சாயாத விளக்கை வைத்துக்கொண்டு காலடி பார்க்கக் கழுத்தை வளைத்தே ஒரு மணி நேரம் நடந்தால் பிடரி வலிக்கும். எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்காமல் இருக்கவும் இது வேண்டும். பேசும்போது நம்மை அறியாமல் முகத்தைப் பார்ப்போம்.

சிவப்பு ஒளி நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு முக்கியம். கண் முழு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். மங்கலான சிவப்பு அந்தப் பழக்கத்தைக் கெடுக்காது. பளிச்சென்ற சிவப்பு கெடுத்துவிடும், எனவே அதிலும் குறைந்த நிலை இருக்கிறதா பாருங்கள்.

11. வந்த அன்று

முதலில் மூடியைத் திறந்து, செல்லின் முனையில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தை எடுங்கள். அனுப்பும்போது எரியாமலிருக்க வைப்பது அது. எரியவே இல்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான்.

நேர்முனை எந்தப் பக்கம் என்று உடலில் உள்ள படத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தலைப் பக்கம், ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை.

திருகுமரையைத் துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் சிலிகோன் கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். காய்ந்த வளையம் முறுக்கிக் கிழியும். கிழிந்தால் தண்ணீர்க் காப்பு போய்விடும்.

முழுக்கச் சார்ஜ் செய்து செல்லை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4.15 முதல் 4.2 வரை இருக்க வேண்டும். 4.25-ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜரைத் தொடாதீர்கள்.

ஆண்டுரில் என்ற மென்பொருள் உள்ள டார்ச் என்றால் முதல் வாரம் எளிய நிலையிலேயே விடுங்கள். ஒரு கிளிக் எரியவும் அணையவும். அணைந்த நிலையில் அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த ஒளி, தொடர்ந்து பிடித்தால் ஏறும். விட்டு மறுபடி பிடித்தால் இறங்கும். இரண்டு கிளிக் அதிக ஒளி. அணைந்திருக்கும்போது மூன்று கிளிக் செய்தால் மின்னழுத்தத்தைச் சிமிட்டிக் காட்டும்: நான்கு சிமிட்டல், இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 4.1. நான்கு கிளிக் பூட்டும், அதே நான்கு திறக்கும். இந்த ஐந்தும் விரலுக்குப் பழகிய பிறகு மற்றதைத் தொடலாம்.

12. முதல் வாரமும் அதற்குப் பிறகும்

முதல் படியில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்கு இரவில் போங்கள். சுவரில் பார்த்து ஒளியைக் குறை சொல்லாதீர்கள். சுவரில் தெரியும் வளையங்கள் மண்ணிலும் புல்லிலும் தெரியாது. எந்த நிலையை அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்று கவனியுங்கள். நினைத்ததைவிடக் குறைந்த நிலையாக இருக்கும்.

ஹெட்லேம்ப் பட்டையை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வியர்வை உப்பு எலாஸ்டிக்கைத் தளர்த்திவிடும். சார்ஜிங் துளையின் ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்தி மூடுங்கள், அது தானாக மூடிக்கொள்ளாது. மே மாத வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் லித்தியம் செல்லை விடாதீர்கள்.

பையில் வைக்கும்போது வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். மரை பூச்சு பூசியதாக இருந்தால் இணைப்பு முழுதாகத் துண்டாகும். பக்கச் சுவிட்ச் டார்ச்சுகளில் சும்மா இருக்கும்போது கசியும் சின்ன மின்னோட்டமும் நின்றுவிடும்.

அலமாரியில் அவசரத்துக்கு வைக்கும் டார்ச்சின் செல்லை முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள், 3.7, 3.8 வோல்ட்டில் வைத்தால் நெடுநாள் உழைக்கும். மாதம் ஒரு முறை எடுத்து எரியவிட்டு அளந்து பாருங்கள். 3.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்று இரவே சார்ஜில் போடுங்கள். 2.5-க்கும் கீழே போன செல்லை மீட்க முயல வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.